மூளை ஆழத்தில் கட்டி: டாக்டருக்கு வழிகாட்டும் 'மேப்' - ஏழைக்கும் எட்டுமா?

"தலைவலிதானே, ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்." தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவரும், மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி விற்பவரும் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் காலையில் எழும்போதே தலைவலி, கூடவே வாந்தி, திடீர் வலிப்பு, பார்வை மங்கல், ஒரு பக்க கை-கால் பலவீனம் என்றால் உஷார்! மூளைக்கட்டியாகவும் இருக்கலாம்.

ஆழத்தில் உள்ள கட்டியை எடுப்பதைவிட அங்கே போய்ச் சேருவதுதான் கஷ்டம். பேச்சு, கை-கால் அசைவுக்கான நரம்புகள் வழியிலேயே இருக்கின்றன. இங்குதான் 'நியூரோ நேவிகேஷன்' கைகொடுக்கிறது. ஸ்கேன் படங்களை கம்ப்யூட்டர் முப்பரிமாணத்தில் காட்டும். டாக்டரின் கருவி நுனி எங்கே இருக்கிறது என்பதும் திரையில் தெரியும். ஆட்டோ டிரைவர் செல்போன் மேப் பார்த்துப் போவது மாதிரி.

ஒரு சிக்கல்

மண்டை ஓட்டைத் திறந்ததும் உள்ளே உள்ள நீர் வடிந்து, மூளை சற்று இடம் நகரும். காலையில் எடுத்த படம் அப்போதே பழசாகிவிடும். அதனால்தான் ஆபரேஷன் நடக்கும்போதே அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் வசதி தேவைப்படுகிறது.

சென்னைக்குப் புதிதல்ல

சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் 1950-ல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் பி.ராமமூர்த்தி. 1960-களிலேயே அவரும் டாக்டர் டி.எஸ்.கனகா உள்ளிட்டோரும் தலையில் சட்டம் பொருத்தி, எக்ஸ்ரே கணக்கு வைத்து மூளையின் ஆழத்தைத் தொட்டார்கள். உலகில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்ததே 1971-ல்தான்! 2024-ல் சென்னை அப்பல்லோ புற்றுநோய் மையத்தில், புருவம் அருகே சிறு துளையிட்டு ஆழக்கட்டியை எடுத்தனர்.

பணம்தான் கேள்வி

முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கிடைக்கும். வருமான வரம்பு ரூ.72 ஆயிரத்தில் இருந்து ரூ.1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. ஆனால் மாதம் 12 ஆயிரம் சம்பளம் வாங்கும் கடை ஊழியரே அதைத் தாண்டிவிடுகிறார். தனியாரில் கட்டவும் அவரிடம் பணம் இல்லை.

அவருக்கு கை கொடுப்பது அரசு ஆஸ்பத்திரிதான். 2023 ஜூனில் 1,000 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி, அடையாறு, தி.நகர்வாசிகளுக்குப் பக்கம்தான். ஆக, புது மெஷின் எத்தனை வந்தது என்பது மட்டும் கணக்கல்ல. அது அரசு ஆஸ்பத்திரி தியேட்டருக்குள் எத்தனை வந்தது என்பதே ஏழைக்குக் கணக்கு.

மெஷின் எதுவானாலும், நேரத்தோடு போனால்தான் பலன். தலைவலி மாறி மாறி மிரட்டினால் மாத்திரையோடு நிறுத்தாதீங்க, டாக்டரைப் பாருங்க!