உகந்தை வழியிலே

யாத்திரை வேறு, உல்லாசப் பிரயாணம் வேறு என்பது நம் முன்னோர் கொள்கை. இன்று இவ்விரண்டும் ஒரே தெருவில் வந்து சந்திக்கின்றன. பொத்துவிலிலிருந்து பாணமை ஊடாக உகந்தைக்குச் செல்லும் தெருவே அது.

செல்வச்சந்நிதியிலிருந்தும் கிழக்கிலங்கை ஊர்களிலிருந்தும் கால்நடையாக வரும் கதிர்காம அடியார்கள், உகந்தை முருகனை வணங்கிய பின்னரே குமணக் காட்டினுட் புகுவர். ஆடி விழாவையொட்டிச் சில நாட்களே அப்பாதை திறக்கப்படும். கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யால வனத்தினூடே நடந்து கதிர்காமத்தை அடைய ஐந்தாறு நாட்கள் செல்லும்.

சென்ற ஆண்டு மாணவர் சிலருடன் நாமும் நடந்தோம். தாகந் தீர்ந்த மாணவன் ஒருவன் வெறும் பிளாஸ்திக் போத்தலைப் பற்றைக்குள் எறிந்தான். பின்னால் வந்த மூதாட்டி ஒருவர் அதை எடுத்துத் தம் மூட்டையில் வைத்துக்கொண்டு, "சாமி, கோயில் வீதியிலே எச்சிலிலை போடுவீரோ?" என்று மட்டுங் கேட்டார். மாணவன் தலைகுனிந்தான். உண்மையில் தலைகுனிய வேண்டியவர் நாமே. புறப்படுமுன் தேவாரம் ஓதப் பழக்கினோம். போத்தலை என் செய்வதென்று பழக்கினோமில்லை.

இது சிறு காரியமன்று. இதே அம்பாறை மாவட்டத்திற் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிற் பிளாஸ்திக்கை உண்டு, எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் மாண்டன என 2022ஆம் ஆண்டிற் செய்தி வந்தது. குமணயோ 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம்.

அறுகம்பையைப் போல உகந்தையிலும் விடுதிகள் பெருகினால் ஊர் செழிக்கும் என்பாருமுளர். ஆடியோ அங்கே கடுங்கோடை. மழை கார்த்திகை, மார்கழியிலேதான். கிணறு தரும் நீருக்கு மேல் விருந்தினரை அழைத்தல் அறமாகுமா? சில வாரக் கூட்டத்தை நம்பிக் கட்டிய விடுதி, எஞ்சிய மாதங்களில் யாரை எதிர்பார்த்திருக்கும்? காட்டினுள்ளே கேளிக்கை தேடுவோரையன்றோ?

நம்மவர்க்கு மடம் என்னும் பழைய ஏற்பாடு ஒன்றுண்டு. தங்க இடமும் உண்ணச் சோறுமே அதன் இலக்கணம். அதனைப் புதுக்கினாற் போதும். தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் பாணமை மக்கள் தம் வீட்டுத் திண்ணைகளில் அடியார்க்கு இடமளிக்கட்டும். தயிரும் குரக்கன் மாவும் பன்பாயும் விற்கட்டும். வரும் பணத்தில் ஒரு பங்கு கிணறுகளைப் பேணச் செல்லட்டும். போத்தல் விற்பதை விடுத்து, கொண்டுவந்த பாத்திரத்தில் நீர் நிரப்பிக் கொடுக்கட்டும். இலாபமும் ஊரில் நிற்கும்; நீரும் நிற்கும்.

வரும் ஆடியில் நடக்கவிருக்கும் மாணவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: திருநீற்றுப் பையோடு ஒரு வெறுஞ் சாக்கையும் எடுத்துச் செல்லுங்கள்.