கரம் பலகைக்குச் சிறை, உயிர்களுக்கு நட்டஈடு மட்டுமா?



அமைச்சர் பதவியில் இருந்தவர்களைச் சட்டம் தொடாது என்று நாவலப்பிட்டியில் இனி யாரும் சொல்ல முடியாது. இந்தத் தொகுதியைத் தளமாகக் கொண்டு கண்டி மாவட்டத்தில் தெரிவாகிவந்த முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகேவுக்கு, 2025 மே 29 அன்று கொழும்பு மேல் நீதிமன்றத்தின் மூவர் ஆயம் 20 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. 2015 ஜனாதிபதித் தேர்தலை முன்னிட்டு 14,000 கரம் பலகைகளும் 11,000 டாம் பலகைகளும் வாங்கிப் பங்கிட்டதில் அரசுக்கு ஏற்பட்ட நட்டம் சுமார் 5.3 கோடி ரூபா. மேன்முறையீடு செய்யும் உரிமை அவருக்கு உண்டு, அது தன் வழியில் போகட்டும். என் கேள்வி வேறு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்களே, அவர்களைக் காக்கும் பொறுப்பை நேரடியாகத் தம் கையில் வைத்திருந்த அமைச்சர் எந்தக் குற்றவியல் நீதிமன்றத்தில் நின்றார்? பலகைக் கணக்கைத் தோண்டி எடுத்து வழக்காக்கத் தெரிந்த அரசுக்கு உயிர்க் கணக்கில் மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

நடந்தது என்னவென்பதில் இப்போது பெரிய தகராறு இல்லை. தாக்குதலை நடத்திய சஹ்ரான் ஹாஷிமின் குழு தேவாலயங்களைக் குறிவைக்கிறது என்ற தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்கு வந்தது. 9ஆம் திகதி பொலிஸ் மா அதிபருக்குக் கடிதம் போனது. 11ஆம் திகதி அது பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு எழுத்தில் இறங்கியது. அமைச்சர்களையும் நீதவான்களையும் காக்கும் பிரிவுகளுக்குப் போய்ச் சேர்ந்த அந்தக் காகிதம் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களின் வாசலுக்கு வரவில்லை. இதை எத்தனை முறை வாசித்தாலும் மனம் ஏற்பதில்லை. அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவே பாதுகாப்பு அமைச்சர், பொலிஸ் துறையும் அவரிடமே. 2018 ஒக்டோபர் அரசியல் குழப்பத்துக்குப் பிறகு பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் தேசிய பாதுகாப்புச் சபைக்கு அழைக்கப்படவில்லை. பதில் பாதுகாப்பு அமைச்சர் ஒருவரை நியமிக்காமலே சிறிசேன வெளிநாடு சென்றிருந்தார். குண்டுகள் வெடித்தபோது அவர் சிங்கப்பூரில்.

உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் 2023 ஜனவரி 12 அன்று இவற்றை எடைபோட்டு, அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தார்கள். சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா, அன்றைய பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, தேசிய புலனாய்வுத் தலைவர் சிசிர மெண்டிஸ் 1 கோடி என நட்டஈடு விதித்தார்கள். இந்த நாட்டின் வரலாற்றில் அது பெரிய தீர்ப்புத்தான், குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அடிப்படை உரிமை வழக்கில் நீதிமன்றத்தால் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அந்த வேலை சட்டமா அதிபருடையது. சிறிசேன மீது குற்றவியல் நடவடிக்கை எடுப்பதைப் பரிசீலிக்குமாறு, தாக்குதலை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவே 2021இல் பரிந்துரைத்தது. அதிகாரிகளான ஹேமசிறியும் பூஜித்தும் 855 குற்றச்சாட்டுகளுடன் மேல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு 2022இல் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மேலே இருந்த அமைச்சரை அந்தப் படி வரைக்கும்கூட யாரும் அழைத்துச் செல்லவில்லை.

“எனக்கு யாரும் சொல்லவில்லை” என்பதுதான் அவருடைய பதில். தகவல் மேலே வராதபடி சபையைக் குலைத்துவைத்தவருக்கு இந்தப் பதில் எப்படித் துணை வரும்? இஸ்ரேலில் 1973 போருக்குப் பின் அமைந்த அக்ரனாட் ஆணைக்குழு படைத்தளபதிமீது பழி சுமத்தி, பிரதமர் கோல்டா மேயரைக் குறை சொல்லாமல் விட்டது. ஆனாலும் மக்களின் கோபத்துக்கு முன் அவர் 1974 ஏப்ரலில் பதவி விலகினார். இங்கே தேர்தலே தண்டனை, மக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள் சிலர். மக்கள் பார்த்தார்கள். 2020 ஓகஸ்டில் பொலன்னறுவை மாவட்டத்தில் அதிக விருப்பு வாக்குகளுடன் சிறிசேன நாடாளுமன்றம் போனார். வாக்குப் பெட்டிக்குள் சாதி, கட்சி, சம்பளம், உரமானியம் எல்லாம் சேர்ந்து விழும். அதைச் சாட்சிகளைக் கேட்ட நீதிபதியின் முடிவாகக் கொள்ள வழியில்லை. ஜனாதிபதியின் விடுபாட்டுரிமையும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் விநோதம். அந்த அடிப்படை உரிமை வழக்கில் பிரதிவாதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க 2022இல் ஜனாதிபதியானார். அதையடுத்து அவர் பெயர் வழக்கிலிருந்து நீங்கியது. ஆனால் அரசியலமைப்பின் 35ஆவது உறுப்புரை பதவிக் காலத்துக்கு மட்டுமே காப்பு. பதவி முடிந்தவர்மீது வழக்குத் தொடராததற்கு அதைச் சாட்டாகச் சொல்ல முடியாது.

தலைவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தால் நெருக்கடியில் துணிந்து முடிவெடுக்க மாட்டார்கள் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு பிழைத்துப்போவதற்குச் சிறை கூடாது, அதை நானும் ஏற்கிறேன். ஆனால் பாதுகாப்புச் சபையை ஒழுங்காகக் கூட்டாமல் விட்டதில் என்ன துணிவு இருக்கிறது? போரிலும் இதே வாதம்தான் கேடயமாகிறது. 2009இல் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் மீது ஷெல் விழுந்ததாக நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் சொன்னது. புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்ததையும் அதே அறிக்கை சொன்னது. கட்டளையிட்டவர் எவரும் இங்கே விசாரிக்கப்படவில்லை. மிருசுவிலில் 8 பேரைக் கொன்றதற்கு 2015இல் மரணதண்டனை பெற்ற இராணுவச் சார்ஜன்ட்டையும், 2020 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மன்னித்து விடுவித்தார். அவர் 2009இல் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர்.

மலையகத்துக்காரருக்கு இது கொழும்புச் செய்தி இல்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரியும் ஆபத்து 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. லயன்களில் இருந்தவர்களை அகற்றி வேறிடத்தில் குடியமர்த்தவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று மலை இறங்கியது. யார் எந்த மேசையில் அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவைத்தார் என்று நானறிந்தவரை எந்த நீதிமன்றமும் கேட்டதில்லை. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது 126ஆவது உறுப்புரை. முகாமில் பாய் விரித்துக் கிடக்கும் தோட்டத் தொழிலாளி எந்தச் சட்டத்தரணியிடம் ஓடுவார்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அதிக உயிர்களை இழந்தது எங்கள் கண்டி மாவட்டம். எச்சரிக்கை யார் கைக்கு எப்போது வந்தது, தமிழில் எப்போது போனது, வெளியேற்றும் முடிவை யார் எடுத்தார் அல்லது எடுக்காமல் விட்டார் என்ற பதிவேட்டை அரசு இப்போதே வெளியிட வேண்டும். இன்றைய ஆட்சியை நான் குற்றஞ்சாட்டவில்லை. கேள்வி முந்தையவர்களுக்கு மட்டும் என்றால் அது பழிவாங்கல் ஆகிவிடும் என்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

அரசுக்கு ஆலோசகராகவும் அரசுக்காக வாதாடுபவராகவும் இருக்கும் சட்டமா அதிபரே, அரசை நடத்தியவர்மீது வழக்குத் தொடுப்பதா என்பதையும் தீர்மானிக்கிறார். இந்த முடிச்சை அவிழ்க்கச் சுயாதீன வழக்குத்தொடுநர் ஒருவர் வேண்டும். அதுவரை, 2021 ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி சிறிசேன மீது வழக்குத் தொடரப்படுமா, இல்லையென்றால் எந்தச் சட்டக் காரணத்தால் என்பதைச் சட்டமா அதிபர் எழுத்தில் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாவலப்பிட்டி.