ஹெல்சிங்கி – டோக்கியோ: ஒன்பதரை மணி நேரமா, பதிமூன்றா?

இரண்டு ஊர்களுக்கு இடையே விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் என்ன செய்வோம்? தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் கூட்டிச் சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர். 2022 தொடக்கம் வரை நம் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அந்த நேர்வழியில் பெரும்பகுதி ரஷ்யாவின் மேலே. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. அதன்பின் ஃபின்ஏர் விமானங்கள் வட துருவம் வழியாகவோ மத்திய ஆசியா வழியாகவோ சுற்ற வேண்டியதாயிற்று. பயணம் சுமார் 13 மணி நேரம். இத்தனைக்கும் ஊர் இரண்டும் அதே இடத்தில்தான் இருக்கின்றன!

வேடிக்கை என்னவென்றால், 1983-ல் ஃபின்ஏர் முதன்முதலாக டோக்கியோவுக்கு நிற்காமல் பறந்தபோதும் சோவியத் வானத்தைத் தவிர்த்து வட துருவம் வழியாகத்தான் போனது. அப்போதும் ஏறத்தாழ 13 மணி நேரம். விமானங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. பயண நேரம் மட்டும் 1983-க்கே திரும்பிவிட்டது.

வானம் எல்லோருக்கும் பொது என்பது பேச்சுக்குத்தான். தன் மேலுள்ள வானம் முழுக்க அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்கிறது 1944-ன் சிகாகோ ஒப்பந்தம், அதுவும் முதல் விதியிலேயே. இறங்காமல் கடந்து போகும் உரிமைக்கு அதே வருடம் தனி ஒப்பந்தம் ஒன்று வந்தது. ரஷ்யா அதில் சேரவில்லை. அனுமதி தருவதும் மறுப்பதும் அதன் கையில்.

வணிகவியல் மாணவனாக எனக்குப் படுவது இதுதான். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு ஹெல்சிங்கிதான் குறுக்கு வழி என்று சொல்லியே ஃபின்ஏர் வியாபாரத்தை வளர்த்தது. அந்தக் குறுக்கு வழி அதன் சொத்து அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் விட்ட நடைபாதை. அவர் கதவைச் சாத்தியதும் எரிபொருள் செலவு, ஊழியர் செலவு எல்லாம் ஏறியது. ரஷ்யா மேலேயே பறந்த சீன நிறுவனங்களுக்கோ அந்தச் சுமை இல்லை. மூடியது தவறு என்று நான் சொல்லவில்லை. அதன் விலையில் ஒரு பங்கு பயணியின் தலையிலும் விழுகிறது என்பதை மறக்கக்கூடாது என்கிறேன்.

நமக்கும் இது புதிதல்ல. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போன இந்திய விமானங்களும் இப்படித்தான் சுற்றின.

ஆகவே நண்பர்களே, இரண்டு ஊர்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்க்காதீர்கள். நடுவில் யார் வீடு இருக்கிறது, அவரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா என்றும் பாருங்கள்.