பால்பல் வைத்தியமும் பெற்றோர் மனமும்

கோயம்புத்தூர் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,



1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும், அதன்கீழ் 2018இல் வகுக்கப்பட்ட விதிகளும், தனியார் மருத்துவமனைகளையும் பல் மருத்துவ நிலையங்களையும் பதிவு செய்து பார்வையிடும் பொறுப்பைத் தங்கள் காரியாலயத்தினிடம் ஒப்படைத்திருக்கின்றன. வைத்தியரின் தகுதி, கருவிகளின் தூய்மை, கழிவுகளை அகற்றும் முறை ஆகியவற்றைக் கண்காணிக்க ஓர் அதிகாரி இருக்கிறார் என்ற நம்பிக்கையிலேதான் எங்கள் குழந்தைகளை அந்தச் சிகிச்சை நாற்காலியில் அமர்த்துகிறோம். ஆயினும், நாற்காலியில் ஏறுவதற்கு முன்னும், அதிலிருந்து இறங்கிய பின்னும், பெற்றோருக்கும் குழந்தைக்கும் கிடைக்கும் வரவேற்பும் விளக்கமும் மரியாதையும் சிகிச்சைக்குப் புறம்பான உபசாரங்கள் அல்ல, சிகிச்சையின் அங்கங்களே என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

கொங்கு நாட்டுக் குடும்பங்களில் குழந்தையைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வது எளிதில் எடுக்கப்படும் முடிவன்று. “விழுந்து முளைக்கற பல்லுதானுங்களே, அதுக்குப் போயி எதுக்குங்க செலவு?” என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடுதான் தடுக்கிறார்கள். இருபது பால்பற்களுள் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நின்று பணி செய்ய வேண்டியவை என்பதும், அவற்றை முன்கூட்டியே இழந்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, பின்னால் வரும் நிரந்தரப் பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதும், ஆறு வயதில், எந்தப் பால்பல்லின் இடத்திலும் அல்லாமல், புதிதாகத் தோன்றும் நிரந்தரக் கடைவாய்ப் பல்லைப் பால்பல் என்றெண்ணிப் பலர் அழுக விட்டுவிடுகிறார்கள் என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயங்கள். இத்தனை தயக்கத்தையும் கடந்து, வால்பாறைத் தோட்டத்திலிருந்தோ அன்னூர்க் காட்டிலிருந்தோ ஒரு நாட்கூலியை இழந்து பேருந்தேறி வரும் தாய், மறுமுறையும் வருவாளா, மாட்டாளா என்பதைப் பெரும்பாலும் முதல் நாள் வரவேற்பு மேசையே தீர்மானித்துவிடுகிறது.

அந்த மேசையின் முன் நானும் என்னையொத்த பெற்றோர் பலரும் அடைந்த அனுபவங்களைச் சுருக்கிச் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு வரச்சொல்லிவிட்டு உச்சிவேளை கடந்து அழைப்பதும், தாமதத்தின் காரணத்தைக் கேட்டால் முகம் சுளிப்பதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டன. பசியும் தூக்கமும் மேலிட்ட நாலு வயதுக் குழந்தை, வாயைத் திறக்கும் முன்னரே பாதி தோற்றுவிடுகிறது. தொலைபேசியில் ஒரு தொகை சொல்லப்படுகிறது. நேரில் போனால் எக்ஸ்ரே தனி, வேர்ச்சிகிச்சை தனி, அதன் மேல் மாட்டும் கேப் தனி என்று அத்தொகை வளர்கிறது. இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மதப் படிவத்தில், படித்துக் காட்ட ஆளின்றி, கையொப்பம் மட்டும் கேட்கப்படுகிறது. பெற்றோர் வெளியே நிறுத்தப்படுகிறார்கள்; கதவுக்குப் பின்னால் குழந்தை வீரிட்டு அலறும்போது, என்ன நடக்கிறது என்று சொல்வாரின்றித் தவிக்கும் அந்த நிமிஷங்களை எந்தத் தாயும் மறப்பதில்லை. வீடு திரும்பிய இரவில் கன்னம் வீங்கினால், அழைத்த எண்ணில் மறுமொழி இல்லை.

இவற்றுக்கெல்லாம் வரவேற்பில் நிற்கும் பெண்களைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. தொலைபேசி, பணப்பெட்டி, பதிவேடு, அழும் குழந்தை ஆகிய அனைத்தையும் ஒருவரே சமாளிக்கும்படி விட்டுவிட்டு, அவரிடம் இன்சொல்லையும் எதிர்பார்ப்பது நிர்வாகத்தின் பிழையே. நல்ல இடங்களும் இல்லாமலில்லை. குழந்தையையும் “வாங்க கண்ணு” என்று பன்மை கொடுத்து அழைக்கும் இந்த மண்ணின் சுபாவம் மாறாமல், கருவியை முதலில் விரல் நகத்தின் மேல் ஓட்டிக் காட்டிப் பயம் தெளிவித்த பின்னரே வாயில் வைத்த ஒரு வைத்தியரை நான் அறிவேன். அவரிடம் போவதற்கு என் மகள் அழுததில்லை.

அந்த வைத்தியர் செய்தது சாஸ்திரத்துக்குப் புதியதன்று. சொல்லி, காட்டி, பிறகு செய்வது என்னும் முறையை அமெரிக்கப் பல் மருத்துவர் அடல்ஸ்டன் 1959இலேயே வகுத்துக் கொடுத்தார். கையால் வாயைப் பொத்தி அழுகையை அடக்கும் பழைய முறையை அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 2006இல் தன் நெறிகளிலிருந்து நீக்கிவிட்டது. கோவையிலும், சூலூரிலும், திருச்செங்கோட்டிலும், குமாரபாளையத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் நடக்கும் இந்தப் பிரதேசத்தில் வித்தைக்குப் பஞ்சமில்லை; கற்றதை வாசற்படி வரை கொண்டுவரும் ஏற்பாடுதான் குறைவு.

சட்டமும் எங்கள் பக்கமே நிற்கிறது. கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி. பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழி, அபாயம் ஆகியவற்றை விளக்கிய பின் பெறுவதே மெய்யான சம்மதம் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் வரையறுத்தது. ஆனால் ஒரு நாட்கூலியை இழந்து வந்தவர் நுகர்வோர் ஆணையத்தின் படியேறப் போவதில்லை. தீங்கு நேர்ந்த பின் தேடும் பரிகாரத்தினும், நேராமல் தடுக்கும் மேற்பார்வையே ஏழைக்குப் பயன்படும்; அது தங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே ஐந்து காரியங்களை விண்ணப்பித்துக்கொள்கிறேன். முதலாவது, சாதாரணமாகச் செய்யப்படும் சிகிச்சைகளின் கட்டணம் தமிழில், காத்திருக்கும் அறையில், கண்ணில் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு மருத்துவ நிறுவன விதிகள் உள்ளூர் மொழியில் அறிவிப்பைக் கட்டாயமாக்கியிருக்க, தனிச் சட்டம் கண்ட நம் மாநிலத்துக் குழந்தைகள் அதனினும் குறைவான பாதுகாப்பைப் பெறுதல் தகாது. இரண்டாவது, சம்மதப் படிவம் தமிழில் இருப்பதோடு, ஒருவர் அதைப் படித்து விளக்கவும் வேண்டும். மூன்றாவது, மருத்துவக் காரணம் குறுக்கிட்டாலன்றிப் பெற்றோரில் ஒருவர் குழந்தையின் அருகிலிருக்க அனுமதி வேண்டும். குறுக்கிடுமாயின் அக்காரணத்தை முன்பே சொல்ல வேண்டும். நான்காவது, சிகிச்சை நடந்த அன்றிரவு அழைப்பதற்குரிய எண்ணும், முறையீடு செய்வதற்குத் தங்கள் காரியாலயத்தின் முகவரியும் ரசீதிலேயே அச்சிடப்பட வேண்டும். ஐந்தாவது, வரவேற்பில் பணிபுரிவோருக்குக் குழந்தைகளின் பயத்தை அறிந்து நடந்துகொள்ளும் பயிற்சியை மேற்சொன்ன கல்லூரிகளின் துணையோடு தாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. அடுத்த முறை ஆய்வுக்குச் செல்லும் தங்கள் அலுவலர்கள், கருவிகளைப் பார்வையிடும் முன் காத்திருக்கும் அறையில் சிறிது நேரம் அமர்ந்து, அங்குள்ள பெற்றோரிடம் எத்தனை மணிக்கு வரச்சொன்னார்கள், எவ்வளவு செலவாகும் என்று சொன்னார்கள், என்ன செய்யப்போவதாக விளக்கினார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, கிடைத்த விடைகளையும் தம் அறிக்கையில் எழுதட்டும் என்று உத்தரவிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தந்தை
கோயம்புத்தூர்