உள்ளே ஒலிப்பது யாருடைய குரல்?

ஆய்வுத் தலைப்பைத் தேர்வதில் தயங்குபவருக்கும், நெறியாளரை மாற்றலாமா என்று யோசிப்பவருக்கும், முனைவர் பட்டத்தை இடையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா என்று உறக்கமின்றித் தவிப்பவருக்கும் இன்று ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: ‘உன் உள்குரலைக் கேள்.’ புதுமுக மாணவர் கூட்டங்களிலும் மனநல ஆலோசனை அறைகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் இதுவே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அறிவுரை தவறானதன்று. ஆயினும் அது ஓர் அடிப்படைக் கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. உள்ளே ஒலிப்பது ஒரே குரல்தானா? ஒலிப்பதெல்லாம் கேட்பவருக்கே உரியதா?

மொழியியல் பயிலும் மாணவர்கள் இக்கேள்வியை லெவ் வைகாட்ஸ்கியிடம் சந்திக்கிறார்கள். அவர் மறைந்த 1934ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிந்தனையும் மொழியும்’ என்ற நூல், குழந்தையின் பேச்சு எவ்வாறு உள்முகமாகிறது என்பதை விளக்கியது. குழந்தை முதலில் பிறரோடு பேசுகிறது. பின்னர் விளையாடும்போது தனக்குத்தானே உரக்கப் பேசிக்கொள்கிறது. பள்ளி வயதில் அந்தப் பேச்சு மறைகிறது. அது தேய்ந்து அழிந்துவிடுவதாக ழான் பியாஜே கருதினார். அழியவில்லை, உள்ளே இறங்கிவிட்டது என்றார் வைகாட்ஸ்கி. ‘பார்த்து நட’ என்று தாய் சொன்னதைக் குழந்தை தனக்கே சொல்லிக்கொண்டு நடக்கிறது. பிறகு சொல்லாமலே நடக்கிறது. ஆக, உள்பேச்சு எனப்படுவது ஒரு காலத்தில் வேறொருவர் வாயிலிருந்து வந்த பேச்சு.

இந்தக் கருத்தின் கனம் ஆய்வு மாணவரின் மேசையில்தான் தெரியும். இரண்டாம் இயலை எழுத உட்காருபவருக்குள் ‘இது போதாது’ என்று ஒரு குரல் எழுகிறது. தரவுகளை மீண்டும் பார்த்த அறிவின் எச்சரிக்கையாக அது இருக்கலாம். முதலாண்டுக் கருத்தரங்கில் எல்லோர் முன்னிலையிலும் காதில் விழுந்த ஒரு வாக்கியத்தின் எதிரொலியாகவும் இருக்கலாம். ‘உனக்கு எதற்கு இவ்வளவு படிப்பு’ என்ற உறவினரின் சொல்லும், ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு எழுந்த சிரிப்பும், சாதியை மறைமுகமாக விசாரித்த விடுதித் தோழரின் தொனியும் காலப்போக்கில் பேசியவரின் பெயரை இழந்து ‘என் மனம் சொல்கிறது’ என்றாகிவிடுகின்றன. ஒதுக்கியவரின் சொற்களே ஒதுக்கப்பட்டவரின் தன்மதிப்பீடாகிவிட்ட நிலையில், அந்தக் குரலைக் கேள் என்று சொல்வது உதவியாகாது.

தமிழில் ‘கேள்’ என்ற வினை இங்கே பெரிதும் துணைசெய்கிறது. செவியால் உணர்வதும் கேட்டல். ‘சொன்ன பேச்சைக் கேள்’ என்னும்போது கீழ்ப்படிவதும் கேட்டல். ‘ஏன் என்று கேள்’ என்னும்போது வினவுவதும் கேட்டல். உள்குரல் பற்றிய அறிவுரைகளில் பெரும்பாலானவை முதல் பொருளில் தொடங்கி, சத்தமில்லாமல் இரண்டாம் பொருளுக்கு நழுவிவிடுகின்றன. ஆய்வு மனத்திற்குத் தேவையானதோ மூன்றாம் பொருள். உள்குரல் வினவப்பட வேண்டும்; அதற்கு முன் அது தெளிவாகக் காதில் விழ வேண்டும்.

காதில் விழுவதே அவ்வளவு எளிதன்று. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் 1970கள் முதல் ஒரு முறையைப் பின்பற்றி வருகிறார். பங்கேற்பவரிடம் உள்ள சிறு கருவி எதிர்பாராத நேரங்களில் ஒலிக்கும். அந்த ஒலிக்குச் சற்று முன் மனத்தில் என்ன இருந்தது என்பதை அவர் உடனே குறித்துக்கொள்ள வேண்டும். தம் மனத்தில் எந்நேரமும் சொற்களே ஓடுகின்றன என்று உறுதியாக நம்பிய பலரின் குறிப்புகளில் சொற்கள் அரிதாகவே காணப்பட்டன. படிமங்களும் உடலுணர்வுகளும் சொல்லுருப் பெறாத எண்ணங்களுமே மிகுந்திருந்தன. தன் மனத்தைப் பற்றித் தானே தவறாக அறிந்திருப்பது இயல்பு என்பதும், பழகப் பழகக் கவனிப்பு கூர்மையடைகிறது என்பதும் இம்முறை உணர்த்தும் பாடங்கள். பேச்சுக்கு முந்திய நிலைகள் உண்டு என்பது இந்திய மரபுக்குப் புதிதன்று. வைகரி, மத்திமை, பைசந்தி என்ற படிநிலைகளைப் பர்த்ருஹரியின் ‘வாக்கியபதீயம்’ வடமொழியில் விரித்துரைத்தது. சைவ சித்தாந்தம் சூக்குமையையும் சேர்த்து நான்காக்கியது. நெறியாளரின் மின்னஞ்சலைத் திறக்கும் முன்பே வயிறு இறுகுவதை அறிந்த மாணவருக்கு இது வெறும் தத்துவமாகத் தோன்றாது.

ஆகவே பழக்கங்கள் தேவைப்படுகின்றன. அவை எளியவையாக இருப்பதே நல்லது. காதுப்பொறி இல்லாமல் அரைமணி நேரம் நடப்பது ஒன்று. மனத்தில் எழுந்த வாக்கியத்தைத் திருத்தாமல், எழுந்த மொழியிலேயே எழுதிவைப்பது இன்னொன்று. எழுதியபின் அதன் இலக்கணத்தைப் பார்க்கலாம்: ‘என்னால் முடியவில்லை’ என்று தன்மையில் வந்ததா, ‘உன்னால் முடியாது’ என்று முன்னிலையில் வந்ததா? தாய்மொழியில் வந்ததா, வகுப்பறையின் ஆங்கிலத்தில் வந்ததா? இவை தீர்ப்புகள் அல்ல, தடயங்கள் மட்டுமே; ஆனால் பேசுவது யார் என்று தேடத் தொடங்க அவை போதும். இரவில் உறுதியாகத் தோன்றிய முடிவை, உணவும் உறக்கமும் முடிந்த காலையில் மீண்டும் ஒருமுறை கேட்பது மூன்றாவது. முறையான பயிற்சியை நாடுவோருக்கு இகத்புரி போன்ற விபாசனா மையங்களின் பத்து நாள் வகுப்புகள் உள்ளன. அங்கும் முதல் மூன்று நாட்களுக்கு வேலை, மூச்சைக் கவனிப்பது மட்டுமே. எடுத்த எடுப்பில் எவருக்கும் ஞானம் வாக்களிக்கப்படுவதில்லை.

உள்குரலின் ஆற்றலுக்கும் எல்லைக்கும் இந்தியாவில் காந்தியைவிடத் தெளிவான சான்று இல்லை. 1933 மே 8 அன்று அவர் தொடங்கிய 21 நாள் உண்ணாநோன்பு, உள்ளிருந்து வந்த குரலின் கட்டளை என்று அவரே அறிவித்தார். அப்படிச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் இல்லை, நீண்ட ஒழுக்கப் பயிற்சி அதற்கு முன்தேவை என்றும் கருதினார். திங்கட்கிழமை மௌனம், நாள்தோறும் இராட்டை, வழிபாடு, நடை ஆகியன அவருடைய பயிற்சி. இத்தனை பயிற்சியும் அவரைப் பிழைக்கு அப்பாற்பட்டவராக்கவில்லை. 1932 செப்டம்பரில் மனச்சாட்சியின் அழைப்பாகவே அவர் மேற்கொண்ட நோன்பு, ஒடுக்கப்பட்ட மக்களின் தனித்தொகுதி உரிமையை விட்டுத்தர அம்பேத்கரை நெருக்கியது. 1934 ஜனவரியில் நிகழ்ந்த பீகார் நிலநடுக்கத்தைத் தீண்டாமைக்குக் கிடைத்த தண்டனை என்று அவர் சொன்னபோது, அறிவுக்கு ஒவ்வாத அந்த விளக்கத்தைத் தாகூர் வெளிப்படையாக மறுத்தார். காந்தி அந்த மறுப்பைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எதிர்க்குரலுக்கு இடம் தந்தார். தன் உள்குரல் பிறருடைய வாழ்வின் மேல் இறங்கும்போது, அந்தப் பிறரின் குரலும் கேட்கப்பட்டாக வேண்டும் என்பதே இவ்வரலாறு கற்பிப்பது.

இறுதியாக நிறுவனங்கள். நெட் தகுதியின்றிச் சேர்ந்த முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மத்திய பல்கலைக்கழகங்கள் மாதம் 8,000 ரூபாய் வழங்கிவந்திருக்கின்றன. அந்தத் தொகையும் காலத்தில் வராதபோது எழும் பதற்றத்தைத் தியானப் பட்டறையால் தீர்க்க முயல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். உயர்கல்வி மாணவர்களின் மனநலம், தற்கொலைத் தடுப்பு ஆகியவை குறித்து ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைக்க நேர்ந்ததே, சிக்கல் தனிமனங்களுக்குள் மட்டும் இல்லை என்பதற்குச் சான்று. கவனத்தோடு உள்ளே கேட்டுப் பழகிய மாணவருக்கு ஒருநாள் தெரிய வரும் உண்மை, ‘குறை என்னிடம் இல்லை’ என்பதாகவும் இருக்கலாம். அதை அவர் வெளியே வந்து சொல்லும்போது, துறைத்தலைவரின் அறையில் அதைக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும்.