கடுகும் களையெடுப்பும்

நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் அன்னிய நாடுகளிலிருந்து வருகிறது. ரேஷன் கடையில் நாம் வாங்கும் பாமாயில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்து கப்பலேறி வருவதுதான். இந்த நோய்க்கு மருந்து கண்டுவிட்டதாக டில்லியில் சொல்கிறார்கள். மருந்தின் பெயர் டி.எம்.எச்.-11 என்ற மரபணு மாற்றக் கடுகு.

விஞ்ஞானத்தின் மீது நமக்குக் கோபமில்லை. டில்லிப் பல்கலைக் கழக விஞ்ஞானிகள் பொதுப் பணத்தில் செய்த கெட்டிக்கார வேலை இது. கடுகுப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். ஆகவே இரு ரகங்களைக் கலந்து வீரிய விதை எடுப்பது கடினம். மண்ணில் வாழும் பாக்டீரியாவின் மரபணு ஒன்றைப் புகுத்தி ஒரு ரகத்தின் மகரந்தத்தை மலடாக்கினார்கள். இன்னொரு மரபணுவால் கலப்புச் செடியில் அந்த மலட்டை நீக்கினார்கள். வருணா என்ற ரகத்தைவிட 28 சதவீதம் கூடுதலாக விளையுமாம். வருணா பழைய ரகம். கிழவனோடு பந்தயம் ஓடி ஜெயிப்பது பெரிதா? இன்றைய வீரிய ரகங்களோடு நிறுத்திப் பார்க்கட்டும்.

மூன்றாவது மரபணு ஒன்றும் உள்ளே இருக்கிறது. குளுபோசினேட் என்ற களைக்கொல்லியை அடித்தாலும் செடி சாகாது. இதை விதை உற்பத்திக்கு மட்டுமே உபயோகிக்கலாம், விவசாயியின் வயலில் அடிக்கக் கூடாது என்று 2022 அக்டோபரில் அனுமதி தந்தபோது நிபந்தனை போட்டார்கள். காகித நிபந்தனையை யார் மதிப்பார்கள்? அனுமதியே இல்லாத களைக்கொல்லிப் பருத்தி மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஆண்டுக்கணக்கில் விளைகிறதே! களைக்கொட்டு பிடிக்கும் மாதரின் கூலி நாட்களுக்கு யார் ஜவாப்தாரி? அனுமதிக் காகிதத்தில் இதற்குப் பதில் இல்லை.

பற்றாக்குறை விதையால் மட்டும் வந்ததுமல்ல. 1986-ல் எண்ணெய் வித்து இயக்கம் தொடங்கிப் பத்தாண்டுக்குள் உற்பத்தி ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. அப்போது இந்த மரபணு ஏது? கட்டுபடியான விலை கிடைத்தது, விளைந்தது. 1994-ல் பாமாயிலுக்குக் கதவைத் திறந்தார்கள். கடலை போட்டவன் கையைச் சுட்டுக்கொண்டான்.

2024 ஜூலை 23-ல் சுப்ரீம் கோர்ட்டின் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்பளித்தார்கள். தேசியக் கொள்கை ஒன்று வகுக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள். வீரிய விதையை ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அது கம்பெனிகளின் கைக்குப் போகாமல் சர்க்கார் விதைப் பண்ணையிலேயே விளைய வேண்டும் என்று அந்தக் கொள்கையில் எழுத வேண்டும். எழுதுமுன் விவசாயிகளோடு விவசாயத் தொழிலாளர் சங்கங்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.