புலியைக் காணாமல் திரும்பினால் என்ன?

'சபாரி' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் ஆப்பிரிக்கப் புல்வெளி விரிகிறது. திறந்த ஜீப், கையில் தொலைநோக்கி, சற்றுத் தொலைவில் படுத்திருக்கும் சிங்கம்! ஆனால் அந்தச் சொல்லில் சிங்கமும் இல்லை, ஜீப்பும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழியில் 'சபாரி' என்றால் பயணம், அவ்வளவுதான். 'சஃபர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து அது பிறந்தது. பொருள் தேடிக் கடல் கடந்து சென்றவரைத் தமிழ் முஸ்லிம்கள் 'சபராளி' என்று சொல்வதும் இதே வேரிலிருந்துதான்.

எனவே, வனவிலங்குகளைக் காணச் செல்லும் பயணம் என்றால் அது ஆப்பிரிக்காவுக்குத்தான் என்று எண்ண வேண்டியதில்லை. தென்காசியிலும் குற்றாலத்திலும் வாழும் மாணவர்களுக்கு அது வீட்டு வாசலிலேயே இருக்கிறது. அதை நாம் எப்படித் திட்டமிடுகிறோம் என்பதே கேள்வி.

தான்சானியா நாட்டிலுள்ள செரங்கெட்டி தேசியப் பூங்காவுக்கு ஒருவர் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். 1951இல் அமைக்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்கள் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் இடம் பெயர்கின்றன. அவை குட்டி ஈனுவதைக் காண வேண்டுமானால் பிப்ரவரி வாக்கில் தெற்குச் சமவெளிக்குப் போக வேண்டும். மாரா ஆற்றைக் கடப்பதைக் காண வேண்டுமானால் ஜூலைக்குப் பிறகு வடக்கே போக வேண்டும். வழியில் கென்யாவில் தங்கினால், புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். எந்த மாதம், எந்தப் பகுதி, எந்த விலங்கு, என்ன விதி என்று கேட்டறியாமல் யாரும் அங்கே புறப்படுவதில்லை.

குற்றாலத்துக்கு வரும் பள்ளிச் சுற்றுலா எப்படி? துண்டு, புளியோதரைப் பொட்டலம், பேருந்துக் கட்டணம். திட்டம் அத்துடன் முடிந்தது! அருவியில் குளிப்பது இன்பமானதே. அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அருவிக்கு மேலே ஒரு காடு இருக்கிறது என்ற நினைவே இல்லாமல் திரும்பி வருவது பெரிய இழப்பு என்பது என் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ராபர்ட் வைட் என்னும் தாவரவியல் அறிஞர் குற்றால மலைகளைத் தேடி வந்து செடி கொடிகளைத் திரட்டினார். அயல்நாட்டார் அறிவைத் தேடி வந்த மலையை நாம் குளியலறையாக மட்டும் பார்க்கலாமா?

குற்றாலத்துக்குத் தெற்கே, இதே மலைத்தொடரில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இருக்கிறது. 1962இல் முண்டந்துறை, புலிகளுக்கான சரணாலயமாயிற்று. 1976இல் களக்காடு, சிங்கவால் குரங்குக்கான சரணாலயமாயிற்று. 1988இல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவானது. ஏறக்குறைய 895 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காட்டில்தான் தாமிரபரணி பிறக்கிறது. தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசத்தை அடைந்தால் காப்பகத்தின் வாசலில் நிற்கலாம். மேற்கே ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் கேரளத்தின் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம்.

"அங்கே போய் வந்தோம், ஒரு விலங்கையும் காணோம்!" என்று பலர் சலித்துக்கொள்வதுண்டு. இந்தச் சலிப்புக்குக் காரணம் காடு அன்று; காட்டைப் பற்றிய நம் அறியாமையே.

செரங்கெட்டி ஒரு புல்வெளி. அங்கே உணவு தரையில் விளைகிறது. ஆகவே புல் மேயும் விலங்குகள் பெருங்கூட்டமாகத் தரையில் வாழ்கின்றன. அவற்றை உண்ணும் சிங்கமும் அங்கேயே உலவுகிறது. மறைக்க மரங்கள் குறைவு. பொதிகையின் மழைக்காடு வேறு வகை. அங்கே மரங்கள் 30 மீட்டருக்கு மேல் வளர்ந்து ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன. கதிரவன் ஒளியில் மிகச் சிறு பங்கே தரையை எட்டுகிறது. ஒளியில்லாத இடத்தில் புல் எங்கிருந்து வரும்? இலையும் பூவும் கனியும் உச்சியில் இருப்பதால் சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலை அணில், இருவாட்சி எல்லாம் மேல்மாடியில் குடியிருக்கின்றன. வெடிப்பலா மரம் பூத்துக் காய்க்கும்போது அதை நாடிச் சிங்கவால் குரங்குகள் வருகின்றன. அப்படியானால் இந்தக் காட்டில் முதலில் தேட வேண்டியது குரங்கையா, மரத்தையா? மரத்தைத்தான்!

புலியைத் தேடும் அறிஞர்களும் புலியை நேரில் கண்டு எண்ணுவதில்லை. 2006ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் நடைபெறும் கணக்கெடுப்பில், மரங்களில் பொருத்திய தானியங்கிக் கேமராக்கள் புலிகளைப் படம் பிடிக்கின்றன. நம் கைரேகை போலவே ஒவ்வொரு புலியின் வரிகளும் தனித்தன்மை கொண்டவை. அவற்றைக் கொண்டு இது வேறு புலி, அது வேறு புலி என்று பிரித்தறிகிறார்கள். கால்தடம், எச்சம், மரப்பட்டையில் நகக்கீறல் ஆகியவையும் சான்றுகளே. அறிஞர்களுக்குப் போதுமான சான்று நமக்கு மட்டும் ஏன் போதாது?

'பார்த்தே தீர வேண்டும்' என்ற பிடிவாதம் விலங்குகளுக்குத் தீங்காகவும் முடிகிறது. கென்யாவின் மசாய் மாரா பகுதியில் சிவிங்கிப்புலிகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு இதைக் காட்டுகிறது. சுற்றுலா வண்டிகள் குறைவான இடங்களில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2 குட்டிகளுக்கு மேல் வளர்த்து ஆளாக்கியது. வண்டிகள் மொய்க்கும் இடங்களிலோ அந்தச் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. விலங்கை நேசித்து வந்தவர்கள்தாம் அந்த வண்டிகளில் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

நம் குற்றாலத்திலும் இதன் சிறு வடிவம் உண்டு. நாட்டுக் குரங்குகளுக்குச் சிப்ஸும் பிஸ்கட்டும் எறிகிறோம். காட்டில் கனி தேடி, விதை பரப்பி வாழ வேண்டிய குரங்கு சாலையோரத்தில் காத்திருக்கப் பழகுகிறது, வண்டியில் அடிபடுகிறது, பையைப் பறிக்கிறது, பிறகு நாமே அதைத் தொல்லை என்கிறோம்.

அப்படியானால் நல்ல திட்டம் எது? அதை ஆசிரியர் தயாரித்துத் தர வேண்டாம். மாணவர்களே தயாரிக்க வேண்டும்.

முதலில், ஒரு கேள்வி வேண்டும். "என்ன விலங்கு தெரியும்?" என்பது கேள்வியன்று. "சமவெளியிலிருந்து மேலே ஏற ஏற எந்தப் பறவைகள் மாறுகின்றன?", "ஒரே மரத்துக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை உயிர்கள் வருகின்றன?" என்பவை கேள்விகள்.

இரண்டாவது, நேரம். விலங்குகளும் பறவைகளும் விடியற்காலையிலும் மாலையிலும்தான் மிகுதியாக நடமாடும். காலை 11 மணிக்குப் போய் இறங்கும் பேருந்து, வகுப்பு முடிந்த பின் பள்ளிக்கு வரும் மாணவனைப் போன்றது.

மூன்றாவது, பருவம். தென்மேற்குப் பருவக்காற்று சாரலைத் தரும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அருவிக்கு உகந்த காலம். மலையேறக் கடினமான காலமும் அதுவே. மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. வானிலை அறிக்கையைப் படிப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே.

நான்காவது, அனுமதி. வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் காட்டும் பாதையில் மட்டும் செல்ல வேண்டும். பேச்சைக் குறைத்து, குறிப்பேட்டில் நாள், மணி, இடம், கண்டது, கேட்டது ஆகியவற்றை எழுத வேண்டும்.

"நாற்பது பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்வது ஆகிற காரியமா? வனத்துறை அனுமதிக்காவிட்டால் என்ன செய்வது?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காட்டைக் காக்கும் பொறுப்புள்ளவர்கள் கூட்டத்தைத் தடுப்பதில் தவறில்லை. குற்றால மலைமேல் உள்ள அருவிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதும் இதனால்தான். சில இடங்கள் மனிதர் கால் படாமல் இருப்பதே நல்லது.

ஆனால் கற்பதற்குக் காட்டின் நடுவே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தென்காசி மாவட்டத்தின் வயல்களுக்கு நடுவே எத்தனை குளங்கள்! தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணும் பணி 2011 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு நடந்து வருகிறது. மாணவர்களும் அதில் கலந்துகொள்கிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்தின் திருப்புடைமருதூரில் ஆற்றங்கரை மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக 2005இல் ஒரு பாதுகாப்பு ஒதுக்கிடமே அறிவிக்கப்பட்டது. ஒரு குளக்கரையில் பத்துப் பேர் விடியற்காலை இரண்டு மணி நேரம் அமைதியாக நின்றால் அதுவும் சபாரிதான். அதில் தேறியவர்கள் அடுத்த ஆண்டு முண்டந்துறைக்கு விண்ணப்பிக்கலாம். தகுதியுள்ள கூட்டம் என்று வனத்துறையும் நம்பும்.

மாணவர்களே, உங்களில் சிலர் பிற்காலத்தில் செரங்கெட்டிக்கும் போகலாம். அங்கே எல்லாம் எளிதில் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாததையும் அறியும் பயிற்சியைப் பொதிகையே தரும். அடுத்த பள்ளிச் சுற்றுலாவுக்கு அறிவிப்பு வரும்போது, கட்டணத்துடன் ஒரு கேள்வியையும் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால், புலியைக் காணாமல் திரும்பினாலும் பயணம் வெற்றியே.